55 வயதுக்கு மேல் வீடு மாறுகிறீர்களா? கலிபோர்னியாவின் 19-ஆம் முன்மொழிவு

கலிபோர்னியாவில் 1978-இல் வாக்காளர்கள் நேரடி வாக்கெடுப்பில் நிறைவேற்றிய சட்டமான 13-ஆம் முன்மொழிவின்படி, சொத்து வரி வீட்டை வாங்கிய விலையை ஒட்டியே போகும். வரிக்கான மதிப்பு ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறாது. ஆனால் விற்றுவிட்டு வேறு வீடு வாங்கினால் பொதுவாகப் புது விலைக்கு வரி. முட்டிவலியோடு மாடிப்படி ஏறிக்கொண்டு பழைய வீட்டிலேயே பலர் இருந்துவிட்டதற்கு இதுவும் ஒரு காரணம். இதைத் தளர்த்த 2018-இல் வந்த 5-ஆம் முன்மொழிவு தோற்றது. 2020 நவம்பரில் 19-ஆம் முன்மொழிவு வென்றது.

2021 ஏப்ரல் 1 முதல், 55 வயது நிறைந்தவர்கள் பழைய வரி மதிப்பை மாநிலத்தின் எந்தக் கவுன்டிக்கும் (மாவட்டத்துக்கும்) மூன்று முறை வரை கொண்டுபோகலாம். விற்பனைக்கும் வாங்குவதற்கும் இடையே இரண்டு ஆண்டுக்கு மேல் போகக்கூடாது. எது முதலில் என்பது உங்கள் வசதி. ஆனால் வரிசை மாறினால் கணக்கும் மாறும்.

பழைய வீட்டின் வரி மதிப்பு 3 லட்சம் டாலர், விற்றது 12 லட்சத்துக்கு, புது வீடு 13 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். விற்ற முதல் ஆண்டுக்குள் வாங்கினால் பழைய வீட்டின் சந்தை மதிப்பில் 105 சதவீதம், அதாவது 12.6 லட்சம் வரை சமம் என்று எடுத்துக்கொள்வார்கள். மிச்சம் 40 ஆயிரம் மட்டும் சேர்ந்து புது வரி மதிப்பு 3.4 லட்சம். அடிப்படை 1 சதவீதத்தில் 13,000 டாலர் வரவேண்டிய வரி 3,400-இல் நிற்கும். இரண்டாம் ஆண்டில் வாங்கினால் 110 சதவீதம் என்பதால் கூடுதலே இல்லை. விற்பதற்கு முன்பே வாங்கினால் 100 சதவீதம்தான். ஒரு லட்சம் முழுசாக ஏறும்.

கோட்டை விடும் இடங்கள் வேறு. பழைய வீட்டை விற்கும் தேதியில் 55 முடிந்திருக்க வேண்டும். கணவன் மனைவியில் ஒருவருக்கு முடிந்திருந்தாலும் போதும், ஆனால் அவர் பெயர் இரண்டு வீட்டுப் பத்திரத்திலும் வேண்டும். கடன் சுலபமாகக் கிடைக்கிறதே என்று புது வீட்டை மகன் பெயரில் மட்டும் வாங்கினால் சலுகை போச்சு. பழைய வீட்டைப் பிள்ளைக்கு எழுதிக் கொடுத்தாலும் அது விற்பனை ஆகாது. நம்மவர் குடும்பங்களில் இந்த இரண்டும் சகஜம், பத்திரம் எழுதுமுன் யோசியுங்கள்.

சலுகை தானாக வராது. பிஓஇ-19-பி படிவத்தைப் புது வீடு இருக்கும் கவுன்டியின் அசெஸர் (சொத்து மதிப்பீட்டாளர்) அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். வாங்கி மூன்று ஆண்டுக்குள் கொடுத்தால் முன்தேதியிலிருந்து கிடைக்கும். தாண்டினால் விண்ணப்பித்த ஆண்டிலிருந்துதான்.

விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கும்போதே முழு விலைக்குக் கணக்கிட்ட துணை பில், அதாவது வீடு கைமாறியதால் ஏறிய மதிப்புக்கான கூடுதல் வரி பில், தபாலில் வரலாம். வீட்டுக்கடன் கொடுத்த வங்கி கட்டிவிடும் என்று இருக்காதீர்கள். பெரும்பாலும் அது நேராக உங்களுக்குத்தான் வரும். கெடுவுக்குள் கட்டாவிட்டால் 10 சதவீத அபராதம். கட்டிவிடுங்கள், சலுகை ஏற்கப்பட்டதும் அதிகப்படி திரும்பி வரும். புதுக் குடியிருப்புகளில் சாலை, பள்ளி போன்ற வசதிகளுக்காக வரும் மெலோ-ரூஸ் என்ற சிறப்பு வரிக்கு இந்தச் சலுகை கிடையாது, விலை பேசும்போதே அது எவ்வளவு என்று கேளுங்கள்.