எந்த மாண்ட்கோமரி?

நூலகத்தின் குறிப்புதவிப் பிரிவில், போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் அடிக்கடி கொண்டுவரும் சந்தேகம் ஹரப்பாவைப் பற்றியது. பழைய வழிகாட்டி நூல்களில் ஹரப்பா, பஞ்சாபின் மாண்ட்கோமரி மாவட்டத்தில் ராவி ஆற்றை ஒட்டி இருக்கிறது. புதிய நூல்களில் அது சாஹிவால் மாவட்டம். கைப்பேசியில் மாண்ட்கோமரி என்று தட்டிப் பார்த்தால் அமெரிக்காவின் அலபாமா மாநிலத் தலைநகரம் வந்து நிற்கிறது. எந்த நூல் தவறு என்று கேட்கிறார்கள். எந்த நூலும் தவறில்லை. தேடலில் முதலில் வந்ததையே விடை என்று எடுத்துக்கொள்வதுதான் தவறு.

இந்தப் பெயரின் வேர் பிரான்சின் நார்மண்டியில் இருக்கிறது. அங்கே கால்வடோஸ் பகுதியில் செயின்ட் ஜெர்மேன் த மாண்ட்கோமரி, சென்ட் ஃபுவா த மாண்ட்கோமரி என்று அருகருகே இரண்டு சிற்றூர்கள் உண்டு. அந்த மண்ணின் பிரபு ரோஜர், ஊர்ப்பெயரைத் தன் பெயரோடு சேர்த்து ரோஜர் த மாண்ட்கோமரி ஆனார். நம் தலைப்பெழுத்துகளில் முதலாவதாக ஊரின் எழுத்து நிற்பதைப் போலத்தான். நார்மன்கள் 1066-இல் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு, வேல்ஸ் எல்லையைக் காக்கும் பொறுப்பு இவரிடம் வந்தது. அங்கே மண்மேடு எழுப்பி அதன்மேல் மரக்கோட்டை ஒன்றைக் கட்டி, அதற்குத் தன் ஊர்ப் பெயரையே வைத்தார். 1086-இல் தொகுக்கப்பட்ட டூம்ஸ்டே நிலப் பதிவேட்டில் அந்தக் கோட்டை இடம்பெற்றிருக்கிறது.

இன்று சுற்றுலாப் பயணிகள் படம் எடுக்கும் கல்கோட்டையோ வேறு. அது மூன்றாம் ஹென்றி அரசர் 1223-இல் கட்டத் தொடங்கியது. ரோஜரின் மேடு அங்கிருந்து ஏறக்குறைய ஒரு மைல் தொலைவில், ஹென் டோமென் என்ற வேல்ஷ் பெயரில் கிடக்கிறது. கோட்டையை ஒட்டிய ஊரை வேல்ஷ் மக்கள் மாண்ட்கோமரி என்றே சொல்வதில்லை. பின்னால் அங்கே ஆண்ட பால்ட்வின் என்ற வேறொரு நார்மன் பிரபுவின் பெயரால் அதை ட்ரெவால்ட்வின் என்கிறார்கள். ஒரே ஊருக்கு இரு மொழிகளில் இரு வெவ்வேறு பிரபுக்களின் பெயர் என்றால் நூற்பட்டியல் தயாரிப்பவருக்கு எவ்வளவு தலைவலி என்று பாருங்கள்.

பஞ்சாபுக்கு இந்தப் பெயரைக் கொண்டுவந்தவர் சர் ராபர்ட் மாண்ட்கோமரி. 1859 முதல் 1865 வரை அந்த மாகாணத்தின் துணைநிலை ஆளுநர். லாகூர் செல்லும் ரயில் பாதையில் உருவான ஊருக்கு 1865-இல் அவர் பெயரைச் சூட்டினார்கள். மாவட்டமும் அதே பெயரை ஏற்றது. நாடு பிரிந்த பிறகு அது பாகிஸ்தானுக்குப் போனது. 1960-களில் சாஹிவால் என்ற பழைய பெயருக்கே திரும்பியது. பால்மாடு வளர்ப்பவர்கள் அறிந்த சாஹிவால் இனம் அந்த வட்டாரத்தில் தோன்றியதுதான். அதற்கு மாண்ட்கோமரி என்றொரு மாற்றுப் பெயர் உண்டு. பழைய கால்நடை நூலில் மாண்ட்கோமரி மாடு என்று கண்டால் அமெரிக்கச் சீமைமாடு என்று எண்ணிவிட வேண்டாம்.

இந்த ராபர்ட்டின் பேரன்தான், இரண்டாம் உலகப் போரில் எகிப்தின் எல் அலமெய்னில் வென்ற பெர்னார்ட் மாண்ட்கோமரி. 1944 ஜூன் 6 அன்று நார்மண்டியில் இறங்கிய நேச நாட்டுத் தரைப்படைகளின் தளபதியும் அவரே. அங்கே அவரை எதிர்த்து நின்ற ஜெர்மானியத் தளபதி ரோமெல், ஜூலை 17 அன்று காரில் போகும்போது விமானத் தாக்குதலில் படுகாயமடைந்தார். சம்பவம் நடந்த இடம், எல்லா ஊர்களையும் விட்டுவிட்டு, சென்ட் ஃபுவா த மாண்ட்கோமரிக்கு அருகே! கதாசிரியர் எழுதியிருந்தால் நம்பும்படி இல்லை என்று திருப்பி அனுப்பியிருப்பார்கள்.

இத்தகைய தற்செயல்கள்தான் வம்சாவளிப் பட்டியல் விற்பவர்களுக்கு வாழ்வு. குடும்பப் பெயரைக் கொடுங்கள், குலச் சின்னத்தைச் சட்டமிட்டுத் தருகிறோம் என்று இணையத்தில் கடை விரிக்கிறார்கள். பெயர் ஒன்றாக இருப்பது இரத்த உறவுக்குச் சான்று ஆகாது. ஊரைக் கொண்டு பெயர் வைத்தவர்கள் பிரபுக்கள் மட்டுமல்லர். அந்த ஊரிலிருந்து வெளியேறிய எவரும் அப்படி அழைக்கப்பட்டிருக்கலாம். ஒவ்வொரு தலைமுறைக்கும் ஒரு பதிவு இல்லாத வம்சாவளியை நான் வாசகருக்குச் சான்றாக எடுத்துக் கொடுப்பதில்லை.

அமெரிக்காவில் சிக்கல் இன்னும் சுவையானது. அலபாமாவின் மாண்ட்கோமரி நகரம், 1955-இல் கறுப்பினப் பெண்மணி ரோசா பார்க்ஸ் பஸ்ஸில் வெள்ளையருக்காக இருக்கையை விட்டு எழ மறுத்த அதே நகரம், ரிச்சர்ட் மாண்ட்கோமரியின் பெயரைத் தாங்கியது. அயர்லாந்தில் பிறந்த அவர் அமெரிக்க விடுதலைப் படையின் தளபதியாகி, 1775 டிசம்பர் 31 அன்று கியூபெக்கைத் தாக்கும்போது இறந்தார். நகரம் அமைந்திருக்கும் மாவட்டமும் மாண்ட்கோமரிதான். ஆனால் அது 1814-இல் ஹார்ஸ்ஷூ பெண்ட் போரில் உயிரிழந்த லெமுவெல் மாண்ட்கோமரியின் பெயர். நகரத்துக்கு ஒருவர், அதைச் சூழ்ந்த மாவட்டத்துக்கு இன்னொருவர். இதைச் சரியாக எழுதிய கட்டுரையைப் பார்த்தால் எழுதியவர் மூல நூலைப் புரட்டியிருக்கிறார் என்று எனக்குத் தெரிந்துவிடும்.

கப்பல்களுக்கு வருவோம். அமெரிக்கக் கடற்படையில் மாண்ட்கோமரி என்ற பெயரில் கப்பல்கள் பல உண்டு. 1918-இல் நீரில் இறங்கிய டிடி-121 என்ற நாசகாரிக்கு, 1846-இல் இன்றைய சான் பிரான்சிஸ்கோவில் அமெரிக்கக் கொடி ஏற்றிய ஜான் மாண்ட்கோமரியின் பெயர். 2016-இல் பணியில் சேர்ந்த எல்.சி.எஸ்.-8 என்ற கரையோரப் போர்க்கப்பலுக்கோ அலபாமா நகரத்தின் பெயர். 1940-இல் அமெரிக்கா பிரிட்டனுக்கு 50 பழைய நாசகாரிகளைக் கொடுத்தபோது, விக்ஸ் என்று இருந்த கப்பலையும் பிரிட்டன் மாண்ட்கோமரி ஆக்கியது. இரு நாடுகளிலும் உள்ள ஊர்ப்பெயர்களை அந்தக் கப்பல்களுக்கு வைத்தார்கள். ஆக, போரின் நடுவே அட்லாண்டிக்கின் இரு பக்கக் கடற்படைகளிலும் ஒரே நேரத்தில் ஒரு மாண்ட்கோமரி இருந்தது. போர்க்கால நினைவுக் குறிப்பு ஒன்றில் மாண்ட்கோமரி கப்பல் என்று மட்டும் இருந்தால், எந்தக் கொடி என்று பார்க்காமல் அடுத்த வரிக்குப் போகக்கூடாது.

இவற்றில் மிகவும் பேசப்படுவது போர்க்கப்பலே அல்ல. ரிச்சர்ட் மாண்ட்கோமரி என்ற லிபர்ட்டி கப்பல், அதாவது போர்க்காலத்தில் அமெரிக்கா ஒரே வடிவில் ஏராளமாகக் கட்டிய சரக்குக் கப்பல்களில் ஒன்று, 1943-இல் ஃபுளோரிடாவின் ஜாக்சன்வில்லில் கட்டப்பட்டது. 1944 ஆகஸ்டில் 6,000 டன்னுக்கும் மேற்பட்ட வெடிபொருளோடு நார்மண்டியின் ஷெர்பர்க் துறைமுகத்துக்குப் போகவிருந்தது. ஆகஸ்ட் 20 அன்று தேம்ஸ் முகத்துவாரத்தில், ஷீர்னஸ் ஊருக்கு எதிரே, நங்கூரம் இழுபட்டு மணல்திட்டில் ஏறியது. கப்பலின் உடல் பிளந்தது. சரக்கை இறக்கும் வேலை செப்டம்பரில் கைவிடப்பட்டது. இன்றும் ஏறக்குறைய 1,400 டன் வெடிபொருள் உள்ளேயே இருப்பதாகக் கணக்கு. 1973-ஆம் ஆண்டின் சிதைகலப் பாதுகாப்புச் சட்டப்படி யாரும் அதை நெருங்கக்கூடாது. நீருக்கு மேலே நீண்டிருந்த பாய்மரக் கம்பங்களின் எடையே சிதைவை இன்னும் குலைக்கக்கூடும் என்பதால், அவற்றை வெட்டி எடுக்கும் திட்டம் பலமுறை தள்ளிப்போயிற்று.

இந்தக் கப்பலைப் பற்றிய தமிழ்ப் பதிவுகளில் தளபதி பெர்னார்டின் படத்தைப் போட்டு, அவர் பெயரைத் தாங்கிய கப்பல் என்று எழுதுகிறார்கள். ஆண்டும் நார்மண்டியும் பொருந்துவதால் நம்பத்தான் தோன்றும். லிபர்ட்டி கப்பல்களுக்குக் காலமானவர்களின் பெயரையே வைத்தார்கள் என்ற ஒரு செய்தி போதும், அதைத் தள்ளிவிட. பெர்னார்ட் இறந்தது 1976-இல்.

எங்கள் தொழிலில் பெயரைத் தனியாக விடுவதில்லை. ஆளானால் பிறந்த, இறந்த ஆண்டுகளைச் சேர்ப்போம். ஊரானால் அது எந்த மாவட்டம், எந்த நாடு என்பதையும் முந்தைய பெயரையும் சேர்ப்போம். கட்டுரை எழுதுவோரும் ஆய்வு மாணவர்களும் முதல் குறிப்பிலேயே இப்படிச் செய்தால், பின்னால் வருபவருக்கு வேலை மிச்சம். இன்றைய வணிகக் கப்பல் என்றால் சர்வதேசக் கடல்சார் அமைப்பின் ஏழு இலக்க எண் உண்டு. உரிமையாளரும் கொடியும் பெயரும் மாறினாலும் அந்த எண் கப்பலை உடைக்கும்வரை மாறாது. 1987-இல்தான் அந்த முறை வந்தது என்பதால், ஷீர்னஸ் கப்பல் போன்ற பழையவற்றுக்குக் கட்டிய ஆண்டையும் தளத்தையும் எழுதுங்கள். போர்க்கப்பலுக்குக் கடற்படையையும், டிடி-121 போன்ற பக்கவாட்டு எண்ணையும் குறித்தால் போதும்.