விடிவதற்கு முன் வெட்டும் பாலும் முதல் மூன்று வினாடியும்

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு கித்தா (ரப்பர்) காட்டில் பால்வெட்டைக் குறும் வீடியோவாகப் படம்பிடிப்பதாக வைத்துக்கொள்வோம். பலரும் இப்படித்தான் தொடங்குவார்கள்: "வணக்கம் மக்களே, இன்னைக்கு நாம சுங்கை சிப்புட்டுல இருக்கிற ஒரு கித்தா காட்டுக்கு வந்திருக்கோம்." இதைச் சொல்லி முடிக்க ஏறத்தாழ ஐந்து வினாடி. அதற்குள் பார்ப்பவரின் கட்டைவிரல் அடுத்த வீடியோவுக்குத் தாவியிருக்கும்.

தமிழ் வாக்கியத்தில் வினைமுற்று கடைசியில் நிற்கும். நாளும் இடமும் முன்னால் அணிவகுக்க, செய்தி பின்னால் வந்து சேரும். ஆனால் இதே மொழியில் நமக்கு வாய்ப்பான ஓர் உறுப்பும் உண்டு: 'இப்படி நடந்தால்' என்று நிபந்தனை சொல்லும் 'ஆல்' விகுதி, பேச்சில் 'ஆ'. "விடிஞ்சிட்டா பால் குறைஞ்சிடும். ஏன்?" என்று தொடங்கிப் பாருங்கள். நான்கே சொல், இரண்டு வினாடி. "விடிஞ்சிட்டா" என்று காதில் விழுந்ததுமே, விடிந்தால் என்ன ஆகும் என்று மனம் தேடத் தொடங்கிவிடுகிறது.

தெரிந்ததற்கும் தெரிய விரும்புவதற்கும் இடையிலுள்ள இடைவெளியே ஆர்வம் என்று 1994இல் அமெரிக்க ஆய்வாளர் ஜார்ஜ் லோவென்ஸ்டைன் விளக்கினார். கொஞ்சம் தெரிந்திருந்தால்தான் இடைவெளியே உறுத்தும். "நீங்க நம்பவே மாட்டீங்க" என்பதில் பற்றிக்கொள்ள எதுவும் இல்லை. அதனால்தான் அது எடுபடுவதில்லை. பால், விடியல் இரண்டும் எல்லாருக்கும் தெரிந்தவை. அவற்றை இணைக்கும் காரணம்தான் புதிது: இரவில் இலைகள் நீரை அதிகம் இழப்பதில்லை, பால்குழாய்களில் அழுத்தம் உச்சத்தில் இருக்கிறது, வெயில் ஏறினால் அது இறங்கும், பால் ஓட்டமும் குறையும். இந்த விடையை வீடியோவின் பிற்பகுதிக்கு வையுங்கள். ஆனால் சொல்லாமல் விட்டுவிடாதீர்கள்.

முதல் காட்சியில் அசைவு வேண்டும்: பட்டையில் கத்தி இறங்குவது, மங்கில் (பால் சேரும் கிண்ணத்தில்) முதல் சொட்டு விழுவது. புதிய அசைவையும் ஒலியையும் நோக்கித் திரும்புவது உடலின் இயல்பு; 'அது என்ன?' அனிச்சை என்றே ரஷ்ய உடலியல் அறிஞர் பாவ்லோவ் இதைக் குறிப்பிட்டார். திரும்பத் திரும்ப வந்தால் அது மங்கிவிடும். ஒவ்வொரு வீடியோவையும் ஒரே 'டொய்ங்' ஒலியோடு தொடங்குவது வீண்.

விடியற்காலை இருட்டில் கைப்பேசிப் படம் குழம்பும். நெற்றிவிளக்கைப் பக்கவாட்டிலிருந்து அடியுங்கள், பால் வெள்ளை தெளிவாக எழும். ஒலியை அணைத்துப் பார்ப்பவர்களுக்காகக் கேள்வியைத் திரையிலும் எழுதுங்கள். கீழ்ப்பகுதியையும் வலது ஓரத்தையும் செயலியின் பொத்தான்கள் மறைக்கும், நடுவுக்குச் சற்று மேலே வையுங்கள்.

பதிவேற்றியபின், எந்த வினாடியில் எத்தனை பேர் இன்னும் பார்க்கிறார்கள் என்று காட்டும் பார்வை நீடிப்பு வரைபடத்தைத் திறங்கள். முதல் வினாடியிலேயே சரிந்தால் முதல் காட்சியை மாற்றுங்கள். ஐந்தாம் வினாடிக்கு மேல் சரிந்தால், பெரும்பாலும் கேள்வியைக் கேட்டுவிட்டு வேறு கதைக்குப் போயிருப்பீர்கள். அந்த இடத்தை வெட்டிப் பாருங்கள்.