நகரின் நடுப்பகுதியில் இன்னும் எத்தனை பேருக்கு இடம் இருக்கிறது?

1666 செப்டம்பரில் லண்டன் எரிந்தது. சில நாள் தீயில் சுமார் 13,000 வீடுகள் சாம்பலாயின. சாம்பல் ஆறுவதற்குள் கட்டடக் கலைஞர் கிறிஸ்டோபர் ரென் மன்னரிடம் ஒரு வரைபடத்தை நீட்டினார். அகலமான நேர்ச் சாலைகள், அவை கூடும் இடங்களில் சதுக்கங்கள். பழைய சந்து பொந்துகள் ஒன்றுகூட இல்லை. நகரமே தரைமட்டமாகக் கிடக்கும்போது, திட்டம் போடுகிறவருக்கு இதைவிட வசதியான நேரம் எப்போது வாய்க்கும்? ஆனாலும் அந்த வரைபடம் காகிதத்திலேயே தங்கிவிட்டது. சில தெருக்களை அகலப்படுத்தினார்கள், இனி செங்கல்லிலோ கல்லிலோதான் கட்ட வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். மற்றபடி புது லண்டன் பெரும்பாலும் பழைய தெருக்களின் கோட்டிலேயே எழுந்தது.

எரிந்தது வீடு, மனையின் எல்லை எரியவில்லை. இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை என் இடம் என்று சொல்ல ஆயிரக்கணக்கான பேர் இருந்தார்கள். அவர்கள் எல்லோருடைய இடத்தையும் அளந்து, ஈடு பேசி, மாற்று மனை கொடுத்து முடிக்கும் வரை யாரும் தெருவில் கிடக்கத் தயாராக இல்லை. அவரவர் இடத்தில் அவரவர் கட்டிக்கொண்டார்கள்.

நகரத்தின் பாகங்கள் எல்லாவற்றுக்கும் ஒரே ஆயுள் இல்லை. கடைப்பலகை சில வருடங்களில் மாறும். கட்டடம் ஐம்பது, நூறு வருடம் நிற்கும். மனை எல்லை அதைவிட நீண்ட காலம் இருக்கும். தெருக்கோடு இருக்கிறதே, அது லேசில் சாகாது. ரோம் நகரத்து நவோனா சதுக்கத்தை மேலிருந்து பார்த்தால் ஒரு முனை வளைந்து நீளமாகத் தெரியும். டொமிஷியன் பேரரசர் 1ஆம் நூற்றாண்டில் கட்டிய ஓட்டப்பந்தய மைதானத்தின் வடிவம் அது. மைதானம் போய் எத்தனையோ நூற்றாண்டுகள் ஆகின்றன. அதன் பார்வையாளர் படிகள் இருந்த இடத்தில் இன்று வீடுகள் வரிசைகட்டி நிற்கின்றன.

நகரின் உட்பகுதியில் வருங்கால வளர்ச்சிக்குத் திட்டமிடுவது என்றதும், முப்பது வருடம் கழித்து எத்தனை பேர் இருப்பார்கள் என்று துல்லியமாகக் கணிப்பதுதான் வேலை என்று நினைத்துக்கொள்கிறோம். என்னைக் கேட்டால் அது பாதி வேலைகூட இல்லை. பிறகு மாற்றவே முடியாதவை எவை என்று கண்டுபிடித்து அவற்றில் தாராளமாக இருப்பதும், மாற்றக்கூடியவற்றைக் கெட்டியாகப் பூட்டி வைக்காமல் இருப்பதும்தான் பெரிய வேலை.

கணிப்பு ஏன் நம்பகமில்லாதது என்பதற்கு நியூயார்க்கின் நடுப்பகுதியான மன்ஹாட்டனைப் பார்க்கலாம். 1811இல் அங்கே 155ஆவது தெரு வரைக்கும் கட்டம் கட்டமாகக் கோடு போட்டபோது மக்கள்தொகை ஒரு லட்சத்தைத் தொட்டிருக்கவில்லை. இவ்வளவு பேருக்கா இடம் என்று ஊர் சிரிக்கக்கூடும் எனத் திட்டக் குழுவினரே தங்கள் குறிப்பில் எழுதி வைத்தார்கள். நூறு வருடத்தில், 1910இல், அங்கே 23 லட்சம் பேர். சரி, அதற்கப்புறம் இன்னும் ஏறியிருக்கும்தானே? இல்லை. இத்தனை வானளாவிய கட்டடங்கள் வந்த பிறகும் 2020இல் அங்கே சுமார் 17 லட்சம் பேர்தான். பாரிஸ் கதையும் இதே மாதிரிதான். 1921இல் 29 லட்சம் பேர் இருந்த நகரத்தில் இன்று 21 லட்சம் பேர்தான் இருக்கிறார்கள். அந்த ஆறேழு மாடிக் கட்டடங்களை யாரும் இடித்துத் தள்ளிவிடவில்லை. ஓர் அறையில் ஐந்து பேர் படுத்த காலம் போய், மூன்று அறையில் இரண்டு பேர் வாழும் காலம் வந்ததுதான் முக்கியமான காரணம். அதாவது ஒரு பகுதியின் மக்கள்தொகை அப்படியே நின்றாலும் அங்கே கட்டடப் பரப்பு கூடிக்கொண்டே போக வேண்டியிருக்கும். தலையை மட்டும் எண்ணினால் இது தெரியவே தெரியாது.

இன்னொன்று, பரப்பு சிறிதாகச் சிறிதாகக் கணிப்பில் பிழை பெரிதாகும். ஒரு நாட்டுக்குக் கணிப்பது ஓரளவு எளிது. பிறப்பும் இறப்பும் மெதுவாகத்தான் மாறும். நகர நடுவில் ஒரு சதுர கிலோமீட்டருக்கு அப்படிச் சொல்ல முடியாது. ஒரு பழைய ஆலை வளாகம் மூடி அடுக்குமாடியாக மாறினால் மொத்தக் கணக்கும் கவிழ்ந்துவிடும்.

இனி மண்ணுக்குக் கீழே போவோம். ஒரு தெருவில் நாற்பது தனி வீடுகள், வீட்டுக்கு நான்கு பேர், ஆக 160 பேர். ஒவ்வொன்றும் ஆறு குடியிருப்புகளாக மாறி, குடியிருப்புக்கு மூன்று பேர் என்றால் 720 பேர். ஆளுக்கு நாளொன்றுக்கு 150 லிட்டர் தண்ணீர், அதில் ஐந்தில் நான்கு பங்கு கழிவாக இறங்குகிறது என்று வைத்துக்கொண்டால், சராசரி கழிவுநீர் நொடிக்கு ஒரே ஒரு லிட்டர். காலை நேர நெரிசலில் மூன்று லிட்டர். சாதாரணமான ஆறு அங்குலக் குழாய், 150 அடிக்கு ஓர் அடி சரிவில் கிடந்தால், நொடிக்குச் சுமார் 12 லிட்டர் கொண்டுபோகும். ஆக, மாடி ஏறினால் தெருச் சாக்கடை வெடித்துவிடும் என்று பயப்படுவதில் அவ்வளவு அர்த்தமில்லை. அந்தத் தெரு தாங்கும்.

சிக்கல் அதற்குக் கீழே, பிரதானக் குழாயில் இருக்கிறது. இப்படி இருநூறு தெருக்கள் ஒரே குழாயில் வந்து சேர்ந்தால், நெரிசல் நேரத்தில் முன்பு வந்ததைப் போல நான்கு மடங்குக்கும் மேல் இப்போது வரும். தெருக் குழாயில் தாராளமாக இருந்த இடம் இங்கே இருக்காது. அதனால்தான் குழாய் நிரம்பும்போது, கட்டடம் எழும்பிய தெருவை விட்டுவிட்டு, எங்கேயோ பள்ளத்தில் இருக்கும் வேறொரு தெருவில் மேன்ஹோல் மூடி தூக்கிக்கொள்கிறது. பாதிக்கப்பட்டவருக்குக் காரணம் யார் என்றே தெரியாது.

அப்படியானால் முதலிலேயே பெரிய குழாயாகப் போட்டுவிடலாமே? ஒருவகையில் அது மலிவான புத்திசாலித்தனம்தான். வட்டக் குழாயின் விட்டத்தை இரண்டு மடங்காக்கினால் அதே சரிவில் அது ஆறு மடங்குக்கும் மேல் நீரைக் கொண்டுபோகும். செலவு அப்படி ஏறாது, ஏனென்றால் பெருஞ்செலவு பள்ளம் தோண்டுவதிலும் தெருவைத் திரும்ப மூடுவதிலும்தான் போகிறது. ஆனால் இதில் ஒரு பொறி உண்டு. கழிவுநீர் குறைந்தது நொடிக்கு 0.6 மீட்டர் வேகத்திலாவது ஓட வேண்டும். அதற்குக் கீழே போனால் மண்ணும் கசடும் அடியில் படியும். பெரிய குழாயில் கொஞ்சம் நீர் ஓடினால் அது அகலமாகப் பரவி, ஆழமில்லாமல், சோம்பலாக ஊர்ந்துபோகும். நாளைய கூட்டத்துக்காகப் போட்ட குழாய், கூட்டம் வருவதற்கு முன்பே அடைத்துக்கொள்ளும்.

19ஆம் நூற்றாண்டில் லண்டனிலும் பாரிஸிலும் இருந்த பொறியாளர்கள் இதற்கு ஒரு அழகான வழி வைத்திருந்தார்கள். சாக்கடைச் சுரங்கத்தை முட்டை வடிவத்தில், கூர்முனை கீழே இருக்கும்படி கட்டினார்கள். நீர் குறைவாக இருக்கும்போது அது அந்தக் குறுகிய அடியில் ஒடுங்கி வேகமாக ஓடும். நிறைய வந்தால் மேலே அகலமான வயிறு காத்திருக்கும். இன்றைக்கும் வேலை செய்ய வேண்டும், என்றைக்கோ வரப்போவதற்கும் இடம் வேண்டும் என்ற இரண்டு நிபந்தனைகளையும் ஒரே வடிவத்தில் தீர்த்தார்கள். நகரத் திட்டமிடலில் எனக்குப் பிடித்த ஒரு பொருளைச் சொல்லச் சொன்னால், எந்தக் கோபுரத்தையும் விட்டுவிட்டு இந்த முட்டையைத்தான் காட்டுவேன்.

சாலைக்கு இந்த வித்தை கிடையாது. நடுநகரில் தெருவை அகலமாக்குவது என்றால் யாரோ ஒருவர் வீட்டின் முன்னறையை இடிப்பது. இருக்கிற அகலத்தில் எது ஓடுகிறது என்பதை மட்டும்தான் மாற்ற முடியும். பச்சை விளக்கு அணையாமல் எரிந்தால் ஒரு தடத்தில் மணிக்குச் சுமார் 1,900 கார்கள் போகலாம். சிக்னலில் பாதி நேரம்தான் பச்சை என்றால் ஏறக்குறைய 950. காருக்குச் சராசரியாக ஒன்றரைப் பேர் என்றால் 1,400 பேர். அதே தடத்தைப் பேருந்துக்கு மட்டும் ஒதுக்கினால் 4,000 முதல் 8,000 பேர் போகலாம். அதே அகலத்துக்கு நல்ல நடைபாதை போட்டால் நடந்தே 8,000 பேருக்கு மேல் போவார்கள்.

நிற்கிற காரும் இடம் கேட்கிறது. ஒரு காரை நிறுத்த, அது உள்ளே திரும்பும் வழியையும் சேர்த்து, 25 முதல் 30 சதுர மீட்டர் வேண்டும். இரண்டு கார் நிறுத்தும் இடத்தில் ஒரு சின்னக் குடும்பம் குடியிருக்கலாம். வீட்டுக்கு இத்தனை பார்க்கிங் கட்டாயம் என்று விதி வைக்கும்போது, குடும்பத்துக்கான இடத்தைக் காருக்கு எழுதிக் கொடுக்கிறோம். மெக்சிகோ சிட்டி 2017இல் அந்த விதியைத் தலைகீழாக்கி, குறைந்தபட்சம் என்பதை எடுத்துவிட்டு அதிகபட்சம் என்று வைத்தது.

அப்புறம் எல்லோரும் பேசும் எஃப்.எஸ்.ஐ., அதாவது தளப்பரப்புக் குறியீடு. 2,400 சதுர அடி மனையில் குறியீடு 2 என்றால் எல்லா மாடிகளையும் சேர்த்து 4,800 சதுர அடி கட்டலாம். மனை முழுக்க இரண்டு மாடியா, பாதி மனையில் நான்கு மாடியா என்பது உங்கள் விருப்பம். இந்த எண்ணை ஏற்றினால் வீடுகள் வந்துவிடும் என்பது பொதுவான நம்பிக்கை. சின்ன மனைகளில் அப்படி நடப்பதில்லை. பக்க இடைவெளி, படிக்கட்டு, லிஃப்ட், தீயணைப்பு வண்டி வரும் வழி என்று ஒவ்வொன்றாகக் கழித்தால், அனுமதித்த பரப்பைக் கட்டவே இடம் இருக்காது. எந்த விதி உண்மையில் கையைக் கட்டிப் போடுகிறது என்று பார்த்து அதை அவிழ்க்க வேண்டும். ஹூஸ்டன் நகரம் 1998இல் அதன் உள்வட்டச் சாலைக்குள் ஒரு வீட்டு மனையின் குறைந்தபட்ச அளவை 5,000 சதுர அடியிலிருந்து 1,400 ஆகக் குறைக்க வழி செய்தது. கோபுரங்கள் எதுவும் தேவைப்படவில்லை. ஒரு வீடு இருந்த மனையில் மூன்று ஒடுக்கமான வீடுகள் தோளோடு தோள் ஒட்டி எழுந்தன. நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரம் 2016இல் குடியிருப்பு நிலத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கில் கூடுதல் வீடுகளுக்கு அனுமதி கொடுத்தது. அடுத்த ஐந்தாறு வருடங்களில் அங்கே ஆண்டுதோறும் அனுமதி பெறும் வீடுகளின் எண்ணிக்கை இரு மடங்கைத் தொட்டது. ஒரே தெருவில் குவியாமல் பரவலாக அனுமதித்தால், எந்த ஒரு பிரதானக் குழாய்க்கும் திடீர்ச் சுமை ஏறாது என்பது இதன் இன்னொரு லாபம்.

ரென்னுக்கு வாய்க்காதது பின்னால் வேறு சிலருக்கு வாய்த்தது. ஃபிராங்க்ஃபர்ட்டில் 1902இல் மேயர் ஆடிக்கஸ் பெயரால் ஒரு சட்டம் வந்தது. கோணல்மாணலாகக் கிடக்கும் மனைகளை எல்லாம் ஒரு பொதுக் கணக்கில் சேர்ப்பது, அதிலிருந்து தெருவுக்கும் பூங்காவுக்கும் ஒரு பங்கை எடுப்பது, மீதியை நேர் கோட்டில் வகுத்து அவரவருக்கே திருப்பிக் கொடுப்பது. 1,000 சதுர மீட்டர் கொடுத்தவருக்கு 750தான் திரும்பக் கிடைக்கும். ஆனால் அது இப்போது அகலமான தெருவைப் பார்த்த மனை. சதுர மீட்டர் விலை ஒன்றரை மடங்கானால் அவர் கையில் 1,125 சதுர மீட்டருக்கான பழைய மதிப்பு இருக்கும். ஜப்பான் இதைப் பிடித்துக்கொண்டது. 1923 நிலநடுக்கத் தீயில் எரிந்த டோக்கியோவின் உட்பகுதியில் பெரும்பங்கை இப்படித்தான் திரும்ப வகுத்தார்கள். 1930க்குள் வேலை முடிந்தது. நில உரிமையாளர்களே சங்கமாகச் சேர்ந்து இதைச் செய்வதென்றால் மூன்றில் இரண்டு பங்கினர் ஒப்புக்கொண்டால் போதும் என்பது அங்கே இன்றைய விதி. ஒருவர் மட்டும் மாட்டேன் என்று குறுக்கே உட்கார்ந்து மொத்தத் தெருவையும் முடக்க முடியாது. வாடகைக்கு இருப்பவருக்கு இந்தக் கணக்கில் ஓட்டு இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். நிலத்தின் மதிப்பு ஏறும்போது முதலில் வெளியேறுவது பெரும்பாலும் அவர்தான்.

பணம் எங்கிருந்து வரும் என்றால், கூடுதலாகக் கட்டும் உரிமையையே விற்கலாம். பிரேசிலின் சாவோ பாலோ நகரம் 2004 முதல் அந்த உரிமையைப் பத்திரமாக்கி ஏலம் விடுகிறது. எந்த வட்டாரத்துக்கு விற்றார்களோ அந்தப் பணம் அந்த வட்டாரத்தின் சாலைக்கும் மற்றப் பணிகளுக்கும்தான் போக வேண்டும்.

கடைசியாக ஒரு பாலம். டொரண்டோவில் டான் பள்ளத்தாக்கின் மேல் 1918இல் ஒரு பெரிய பாலத்தைக் கட்டி முடித்தார்கள். மேலே சாலையும் டிராமும். அதற்குக் கீழே இன்னொரு தளத்துக்கு இடம் விட்டிருந்தார்கள், என்றாவது ஒருநாள் ரயில் வரலாம் என்று. அந்த ஊரில் அப்போது சுரங்க ரயிலே கிடையாது. கூடுதல் இரும்புக்கு வீண் செலவு என்று முணுமுணுத்தவர்கள் இருந்திருப்பார்கள். 48 வருடம் அந்த இடம் காலியாகக் கிடந்தது. 1966இல் சுரங்க ரயில் அந்தக் கீழ்த்தளத்தின் வழியாக ஓடத் தொடங்கியது. அதே பாலத் தொடரில், பக்கத்திலிருந்த ரோஸ்டேல் பள்ளத்தாக்கின் மேலும் இதே மாதிரி ஒரு கீழ்த்தளம் விட்டிருந்தார்கள். அதில் வளைவு ரயிலுக்கு ஒத்துவராத அளவுக்குக் கூர்மையாக இருந்தது. அங்கே ரயிலுக்குத் தனியாக வேறொரு பாலம் கட்ட வேண்டி வந்தது.