எலி நிற கால்சட்டை யாருக்கு? 400 வருஷத்துக்கு முந்தின இங்கிலாந்து உயில் வேலை செஞ்ச விதம்

1605ல அகஸ்டின் ஃபிலிப்ஸ்னு ஒரு நடிகர் உயில் எழுதறார், ஷேக்ஸ்பியர் இருந்த அதே நாடகக் கம்பெனிக்காரர். முன்னாடி அவர்கிட்ட தொழில் கத்துக்கிட்ட ஒரு பையனுக்கு 40 ஷில்லிங், எலி நிற வெல்வெட் கால்சட்டை, வெள்ளை பட்டு மேல்சட்டை, ஊதா மேலங்கி, வாள், குத்துவாள், அப்புறம் வில்லால வாசிக்கிற வயோல்ங்கிற தந்தி வாத்தியத்துல பெருசு ஒண்ணு. அப்போ கத்துக்கிட்டிருந்த இன்னொரு பையனுக்கு லூட்டோட சேர்த்து மூணு தந்தி வாத்தியம், ஆனா பயிற்சிக் காலம் முடிஞ்ச பிறகுதான் குடுக்கணும்னு கண்டிஷன். ஷேக்ஸ்பியருக்கு 30 ஷில்லிங் தங்கக் காசு.

சாகப்போற மனுஷன் கால்சட்டை கலரெல்லாம் ஏன் சொல்றார்? அந்தக் காலத்துல சொத்து எப்படி கைமாறுச்சுன்னு பார்த்தா புரியும்.

அங்க நிலம் ஒரு வழி, சாமான் ஒரு வழி. பொதுச் சட்டப்படி (கோர்ட் தீர்ப்புகள் வழியா வளர்ந்த நாட்டு வழக்கச் சட்டம்) நிலம் பெரும்பாலும் மூத்த மகனுக்குப் போயிடும், அதை உயில்ல எழுதிவைக்க நேரடியா அனுமதி குடுத்ததே 1540ல எட்டாம் ஹென்றி கொண்டுவந்த சட்டம்தான். ஆனா துணி, கட்டில், பாத்திரம், ஆடு மாடு, காசு இதெல்லாம் அதுக்கு முன்னாடியே உயில்ல குடுக்கலாம், அந்த உயிலை சரிபார்த்து ஒத்துக்கிற வேலை சர்ச் கோர்ட்டோடது, 1858 வரைக்கும் அப்படித்தான் இருந்துச்சு. அதனால மகள், இளைய மகன், வேலைக்காரப் பொண்ணு, ஞானப்பிள்ளை (ஞானஸ்நானத்தப்போ பொறுப்பேத்துக்கிட்ட பிள்ளை), சிநேகிதர் இவங்களையெல்லாம் நினைச்சுப் பார்க்கிற இடம் இந்த சாமான் லிஸ்ட்தான். துணியும் அப்போ லேசுப்பட்ட விஷயம் இல்ல, கையால நூத்து கையால நெய்தது, நல்ல மேலங்கி ஒண்ணு ஒரு ஆளோட பல மாச சம்பளத்துக்கு மேலயே போகும், இறகு மெத்தை போட்ட கட்டில் பல வீட்ல இருக்கறதிலேயே விலை கூடின பொருள்.

இன்னொரு காரணம், அடையாளம். உயிலை நிறைவேத்தற எக்ஸிக்யூட்டர் வீட்டுக்குள்ள போய் அந்தப் பொருளைத் தேடி எடுத்து உரிய ஆள் கைல குடுக்கணும், மூணு மேலங்கி தொங்கினா எது எதுன்னு எப்படி தெரியும்? அதான் கலர், துணி வகை, எந்த ரூம்ல இருக்குன்னு வரைக்கும் எழுதினாங்க. 1529ல வந்த ஒரு சட்டப்படி எக்ஸிக்யூட்டர் செத்தவரோட சாமானுக்கு மதிப்பு போட்டு பட்டியலும் குடுக்கணும், பக்கத்து வீட்டுக்காரங்க மாதிரி ஊர் ஆட்கள் வந்து ரூம் ரூமா பார்த்து விலை எழுதுவாங்க. உயிலும் இந்தப் பட்டியலும் ரெண்டுமே தப்பிச்சு வந்திருந்தா, ஒரு சாதாரண குடியானவன் வீட்டு அடுப்படி வரைக்கும் நம்மால உள்ள போய் பார்க்க முடியுது, எனக்கு இந்த விஷயத்துல ரொம்பப் பிடிச்சதே இதுதான்.

நிறைய பேர் படுக்கையில விழுந்த பிறகுதான் எழுதினாங்க. எழுதத் தெரிஞ்ச பாதிரியாரோ பக்கத்து வீட்டுக்காரரோ வந்து உட்காருவார், "உடம்பு சரியில்ல, ஆனா நினைவு தெளிவா இருக்கு"ன்னு ஆரம்பிச்சு முதல்ல ஆத்மாவை கடவுள்கிட்ட ஒப்படைச்சுட்டு அப்புறம் சாமானுக்கு வருவாங்க. அந்த பக்தி வரிகளை வச்சு செத்தவரோட மதநம்பிக்கையை முடிவு பண்ணிடக் கூடாது. கேம்பிரிட்ஜ்ஷயர் கிராமத்து உயில்களை ஆராய்ஞ்ச மார்கரெட் ஸ்பஃபோர்டு, பல நேரம் அது எழுதிக் குடுத்தவரோட வழக்கமான வாசகம்னு காட்டினாங்க. ஆனா பாத்திரம் யாருக்கு, பாவாடை யாருக்குங்கிறதை எழுதறவர் கற்பனை பண்ண முடியாது, செத்தவரோட சொந்தக் குரல் அங்கதான் கேக்குதுன்னு நான் நினைக்கிறேன்.

அந்தக் காலத்துல கல்யாணமான பொண்ணு புருஷன் சம்மதம் இல்லாம உயில் எழுத முடியாது, அதனால பெண்களோட உயில்னா பெரும்பாலும் விதவைங்க, கல்யாணமாகாதவங்க எழுதினது. ஃபிலிப்ஸ் தன் மனைவியைத்தான் எக்ஸிக்யூட்டரா போட்டார், ஆனா மறுகல்யாணம் பண்ணிக்கிட்டா அந்தப் பொறுப்பு தன் நண்பர்களுக்குப் போகணும்னும் எழுதிட்டார். அவங்க மறுகல்யாணம் பண்ணிக்கிட்டாங்க, பொறுப்பு கூட நடிச்ச ஜான் ஹெமிங்ஸ் கைக்கு வந்துச்சு.

இப்போ எல்லாரும் கேக்கற அந்த ரெண்டாவது கட்டில். 1616 மார்ச்ல ஷேக்ஸ்பியர் தன் மனைவிக்கு "ரெண்டாவது நல்ல கட்டில்"னு எழுதினது வரிகளுக்கு நடுவுல அப்புறமா சொருகின வாசகம். மனைவியை அவமானப்படுத்திட்டார்னு ஈஸியா சொல்லிடறாங்க. ஆனா புருஷனோட நிலத்துல மூணுல ஒரு பங்கு விதவை உயிரோட இருக்கற வரைக்கும் அனுபவிக்கிற உரிமை பொதுச் சட்டத்திலேயே இருந்துச்சு, அதை உயில்ல எழுதணும்னு அவசியமே இல்ல. இருக்கறதிலேயே நல்ல கட்டிலை விருந்தாளிக்குன்னு ஒதுக்கி வைப்பாங்க, ரெண்டாவதுதான் தம்பதி படுத்த கட்டில்னும் பல பேர் சொல்றாங்க, லண்டன்ல அவர் வாங்கின வீட்டுல மனைவிக்குப் பங்கு வராதபடி பத்திரம் போட்டிருந்தாரேன்னு எதிர்க்கேள்வியும் இருக்கு. அதே மாதிரி சொருகின இன்னொரு வாசகத்துல, கூட நடிச்ச ஹெமிங்ஸ், பர்பேஜ், காண்டெல் மூணு பேருக்கும் மோதிரம் வாங்கிக்க ஆளுக்கு 26 ஷில்லிங் 8 பென்ஸ். ஞாபகார்த்தமா மோதிரத்துக்குப் பணம் விடறது அன்னைக்கு சகஜம். வாள் ஊர்ல ஒரு நண்பருக்கு, துணிமணி தங்கச்சிக்கு, வெள்ளிக் கிண்ணம் சின்ன மகளுக்கு.

கேன்டர்பரி பெரிய சர்ச் கோர்ட்ல பதிவான உயில்கள் மட்டுமே 10 லட்சத்துக்கு மேல, லண்டன்ல கியூ (Kew)ங்கிற பகுதியில இருக்கற தேசிய ஆவணக் காப்பகத்துல இருக்கு. ஆனா ரொம்ப ஏழைங்க அதுல கிடையாது, எழுதி வைக்க அவங்ககிட்ட எதுவும் இல்ல. மூத்த மகனுக்கு வெறும் ஒரு ஷில்லிங்னு இருந்தாலும் உடனே சண்டைன்னு நினைச்சுட வேணாம், அவனுக்கு நிலம் ஏற்கனவே போயிருக்கலாம், கல்யாணத்தப்பவே அவன் பங்கைக் குடுத்துட்டிருக்கலாம்.