டெர்மினலில் இரணைமடு ஏன் கோணலாக நிற்கிறது?

கிளிநொச்சி அறிவியல் நகரில் சி மொழி படிக்கும் ஒருவர், இரணைமடு போன்ற வன்னிக் குளங்களின் நீர்மட்டத்தை, எழுத்துகள் மட்டும் தெரியும் டெர்மினல் திரையில் பட்டியலாகக் காட்ட நினைக்கிறார் என்று வைப்போம். இடப்பக்கம் குளத்தின் பெயர், வலப்பக்கம் அடிக்கணக்கு. சி மொழியில் வழக்கமாக எழுத்தை அச்சிடும் பிரிண்ட்எப் கட்டளை, எழுதிக்கொண்டே கீழே போய்விடும். எண்ணை மட்டும் இருந்த இடத்திலேயே மாற்ற என்கேர்சஸ் நூலகம் வசதியானது.

அதன் அச்சிடும் கட்டளையான பிரிண்ட்டபிள்யூ, பிரிண்ட்எப்பின் அதே வடிவக் குறிகளைத்தான் எடுக்கும். முன்னால் 'எம்வி' சேர்த்தால் இடத்தையும் சொல்லலாம்: முதலில் வரி, பிறகு நிரல். எக்ஸை, அதாவது நிரலை, முதலில் சொல்லிப் பழகியவர்களுக்கு எரிச்சல்தான்.

எழுதியது உடனே திரைக்கு வராது. நினைவகத்தில் உள்ள ஒரு போலித் திரையில்தான் விழும். ரிபிரெஷ் என்று அழைத்ததும், நூலகம் அதைத் திரையில் ஏற்கெனவே இருப்பதோடு ஒப்பிட்டு, மாறிய இடங்களை மட்டும் அனுப்பும். இந்தச் சிக்கனத்துக்குக் காரணம் உண்டு. 1980 வாக்கில் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் கென் ஆர்னோல்ட், என்கேர்சஸுக்கு முன்னோடியான கேர்சஸை எழுதியபோது, 300 போட் இணைப்பில் நொடிக்குச் சுமார் 30 எழுத்துகளே போகும். 80 நிரல், 24 வரி கொண்ட திரையில் 1,920 கட்டங்கள். முழுவதையும் நிரப்ப 64 நொடி! சிக்னல் ஒற்றைக் கோட்டில் நிற்கும் இடத்திலிருந்து தொலைவிலுள்ள சேர்வரில் வேலை செய்பவருக்கு இன்றும் இது உதவும்.

இனித் தமிழுக்கு வருவோம். பெயருக்கு 20 இடம் ஒதுக்கி, மிச்சத்தை வெற்றிடத்தால் நிரப்பச் சொல்கிறோம். சி மொழி இங்கே எண்ணுவது எழுத்துகளை அல்ல, அவற்றைச் சேமிக்கும் பைட்டுகளை. இரணைமடு நமக்கு ஐந்து எழுத்து. எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யுனிகோட்டில் 'ணை', 'டு' இரண்டும் இரண்டிரண்டாகப் பிரிவதால் ஏழு குறியீடு. அவற்றைச் சேமிக்கும் யுடிஎப்-8 முறையில் தமிழ்க் குறியீட்டுக்கு மூன்று பைட் வீதம் 21. இருபதைத் தாண்டிவிட்டதே! ஒரு வெற்றிடமும் விழாமல், எண் 'டு'வோடு ஒட்டிக்கொள்ளும். வவுனிக்குளம் 36 பைட். அங்கேயும் இதே கதிதான்.

நிரப்பச் சொல்வதை விட்டுவிட்டு, எண்ணை 'எம்வி' கொண்டு குறித்த நிரலில் வைக்க வேண்டும். திரையைத் தொடங்குமுன், மொழி அமைப்பைத் தெரிவிக்கும் செட்லொக்கேலை அழைப்பதும், பல பைட் கொண்ட அகல எழுத்துகளைக் கையாளும் என்கேர்சஸ்டபிள்யூ என்ற வடிவத்தோடு நிரலை இணைப்பதும் கட்டாயம். அப்போதும், ஓர் எழுத்துக்கு எத்தனை கட்டம் என்பதில் நூலகமும் டெர்மினலும் வெவ்வேறு கணக்கு வைத்திருந்தால் வரி பிசகும். என்னைக் கேட்டால், எண்ணை இடப்பக்கம் போட்டுப் பெயரைக் கடைசியில் விடுவதே நல்லது; அதற்குப் பின்னால் நேராக நிற்க வேண்டியது எதுவும் இல்லை.