ரிலே சொல்லும் கிலோமீட்டரை எவ்வளவு நம்பலாம்?

மின்கடத்து லைனில் பழுது வந்து டிரிப் ஆனதும் (மின்சாரம் தானாகத் துண்டிக்கப்பட்டதும்), லைனைக் காக்கும் கருவியான ரிலே, பழுது எவ்வளவு தூரத்தில் என்று கணக்கிடுகிறது; அதன் திரையில் 47.83 கி.மீ. என்று வருகிறது. உடனே அதை டவர் எண்ணாக மாற்றி, "இந்த டவரைப் போய்ப் பாருங்கள்" என்று ஆளை அனுப்பிவிடுகிறார்கள். அங்கே ஒன்றும் தென்படாவிட்டால் ரிலே சரியில்லை என்று பேச்சு கிளம்பும். தசமப் புள்ளிக்குப் பின்னால் இரண்டு இலக்கம் இருப்பதாலேயே அந்த எண் துல்லியமாகிவிடாது.

ரிலேயின் பிழை அளவு பெரும்பாலும் லைனின் மொத்த நீளத்தில் இத்தனை சதவீதம் என்றுதான் தரப்படும். 100 கி.மீ. லைனில் 2 சதவீதம் என்றால், பழுது 45.8-க்கும் 49.8-க்கும் இடையில் எங்கும் இருக்கலாம். 350 மீட்டருக்கு ஒரு டவர் என்று வைத்தால் பன்னிரண்டு டவர் வரை ஏறிப் பார்க்க வேண்டும். அதுவும் நிலைமை சாதகமாக இருந்தால்!

பழுது வரைக்குமான ரியாக்டன்ஸை (மாறுமின்னோட்டத்துக்கு லைனின் தூண்டல் காட்டும் எதிர்ப்பை) வைத்துத்தான் ரிலே தூரத்தைக் கணக்கிடுகிறது. உயர் அழுத்த மேல்நிலை லைனில் அது கிலோமீட்டருக்குச் சுமார் 0.4 ஓம். கணக்கில் ஒரு ஓம் பிசகினால் தூரத்தில் இரண்டரை கிலோமீட்டர் போய்விடும். மரக்கிளை உரசி வரும் பழுதில் இந்தப் பிசகு எளிதாக வரும். கிளையின் மின்தடை வெறும் தடையாகவே தெரிந்தால் சிக்கல் இல்லை. ரியாக்டன்ஸை அது தொடாது. ஆனால் எதிர்முனையிலிருந்து வரும் மின்னோட்டமும் அதே கிளை வழியாகத்தான் பாய்கிறது. லோடு காரணமாக இரண்டு மின்னோட்டங்களுக்கும் கோணம் வேறு. அதனால் தடையின் ஒரு பகுதி ரியாக்டன்ஸ் போல வேடம் போடுகிறது. எளிய ஒருமுனைக் கணக்கில், மின்சாரத்தை அனுப்பும் முனைக்குப் பழுது கிட்டத்திலும், வாங்கும் முனைக்கு எட்டத்திலும் தெரியும். இரண்டு முனை அளவுகளையும் ஒரே நேரக்குறியோடு சேர்த்துக் கணக்கிட்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீரும்.

எர்த் ஃபால்ட்டில், அதாவது கம்பியிலிருந்து மின்னோட்டம் மண்ணுக்குப் பாயும் பழுதில், இன்னொரு தலைவலி உண்டு: ஜீரோ சீக்வென்ஸ் மின்மறுப்பு. மூன்று ஃபேஸ் கம்பிகளிலும் ஒன்றுபோல் பாய்ந்து மண் வழியாகத் திரும்பும் மின்னோட்டத்துக்கு லைன் காட்டும் எதிர்ப்பு இது. மண்ணின் தன்மையைப் பொறுத்து மாறும் இந்த மதிப்பை, பல லைன்களில் அளக்காமல் கணக்குப் போட்டே ரிலேயில் ஏற்றியிருப்பார்கள். அதே டவரில் இன்னொரு சர்க்யூட்டும் ஓடினால் அதன் தூண்டலும் சேர்ந்துகொள்ளும். ஃபேஸுக்கும் ஃபேஸுக்கும் இடையிலான பழுதில் இந்த மதிப்புக்கு வேலையே இல்லை. அதனால் அங்கே வரும் எண்ணை நான் கூடுதலாக நம்புவேன்.

பழுதில் கிளம்பும் மின் அலை இரு முனைகளுக்கும் வந்து சேரும் நேர வித்தியாசத்தை வைத்துத் தூரத்தைக் கணக்கிடுவது இருமுனைப் பயண அலை முறை. இதில் இரு முனைகளிலும் ஜி.பி.எஸ். கடிகாரம் வேண்டும். ஒரு மைக்ரோ விநாடி பிசகினால் 150 மீட்டர்தான் தவறும். ஆனால் லைன் நீளத்தைத் தப்பாகக் கொடுத்திருந்தால் அந்தப் பிழையில் பாதி விடையில் அப்படியே உட்கார்ந்துகொள்ளும்.

சரி, களத்தில் என்ன செய்யலாம்? ஆட்களிடம் ஒரு டவரைச் சொல்லாமல், இந்த டவரிலிருந்து இந்த டவர் வரை என்று சொல்லுங்கள். பழுது கிடைத்ததும் உண்மையான டவர் எண், ரிலே காட்டிய தூரம், பழுதின் வகை மூன்றையும் எழுதி வையுங்கள். பிழை இரண்டு பக்கமும் சிதறினால் அது அளவீட்டின் இயல்பு. எர்த் ஃபால்ட்டுகளில் மட்டும் எப்போதும் ஒரே பக்கம் தள்ளிக் காட்டினால், ஜீரோ சீக்வென்ஸ் செட்டிங்கை முதலில் சந்தேகப்பட்டு, அடுத்த லைன் நிறுத்தத்தில் அந்த மதிப்பை நேரடியாக அளந்துவிடுவது நல்லது.