விசேஷ வீட்டில் பிள்ளை யார் பொறுப்பு?

வைகாசியில் ஒரு முகூர்த்த நாள். மதியம் இரண்டு மணிக்கு மேல் இருக்கும். பட்டுச்சேலை கட்டிய ஓர் அம்மா, இடுப்பில் இரண்டு வயதுப் பேரனோடு என் கிளினிக்குக்குள் வந்தார். பின்னாலேயே மகனும் மருமகளும். பையனின் இடது கை அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. தொடப்போனாலே அலறினான்.

"நான்தான் இழுத்துப்புட்டேன் தாயி. அடுப்படிப் பக்கம் ஓடுனான், எட்டிக் கையைப் பிடிச்சு இழுத்தேன். எலும்பு ஒடிஞ்சு போச்சா?"

மகன் குறுக்கே புகுந்தார். "பிள்ளையைப் பார்த்துக்கிற ஒரு வேலைதானம்மா குடுத்தோம்."

எலும்பு ஒடியவில்லை. ஒன்றிலிருந்து நான்கு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு இது அடிக்கடி நடப்பதுதான். முழங்கையில் முன்கை எலும்பின் தலையைச் சுற்றி ஒரு தசைநார் வளையம் இருக்கிறது. சின்ன வயதில் அது இளக்கமாக இருக்கும். மணிக்கட்டைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தால் எலும்பு அதிலிருந்து லேசாக நழுவிவிடும். முன்கையை ஒரு விதமாகத் திருப்பினால் திரும்ப உட்கார்ந்துகொள்ளும். திருப்பினேன். வீறிட்டு அழுதான், அவ்வளவுதான். பத்து நிமிடம் கழித்து என் ஸ்டெதாஸ்கோப்பை அதே இடது கையால் எட்டிப் பிடித்தான். (இதை யாரும் வீட்டில் முயல வேண்டாம். விழுந்து அடிபட்டிருந்தாலோ வீக்கம் இருந்தாலோ எக்ஸ்ரே பார்க்காமல் கையைத் திருப்பவும் கூடாது, நாட்டுக் கட்டுப் போடவும் கூடாது. பிள்ளையைத் தூக்கும்போது இரண்டு அக்குளிலும் கைகொடுத்துத் தூக்குங்கள், கையைப் பிடித்துத் தூக்க வேண்டாம்.)

பையனை அனுப்பும் முன் அந்த அம்மாவைப் பார்த்தேன். நெற்றியெல்லாம் வியர்வை, கை நடுங்கியது. பயத்தினால் இருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். "சாப்பிட்டீங்களாம்மா?" என்று கேட்டேன். விடியக்காலம் நான்கு மணியிலிருந்து அவனும் மகள் வயிற்றுப் பேத்தியும் அவர் பொறுப்பு. பந்தியில் உட்காரவே இல்லை. சர்க்கரை மாத்திரையை மட்டும் காலையில் தவறாமல் போட்டிருக்கிறார். விரலில் குத்திப் பார்த்தால் சர்க்கரை அளவு 62. எழுபதுக்குக் கீழே போனாலே தாழ்சர்க்கரை. சர்க்கரை கரைத்த தண்ணீரைக் குடிக்கவைத்துக் கால் மணி நேரம் உட்காரவைத்தேன்.

நானூறு பேர் வந்த கல்யாணம் அது. நானூறு பேரில் அந்த இரண்டு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஒரே ஒருவர். அவருக்கு வயது அறுபத்தாறு, இரண்டு முழங்காலிலும் தேய்மானம், வயிற்றில் காலை காபி மட்டும்.

இத்தனை வருடத்தில் விசேஷ வீடுகளிலிருந்து என்னிடம் வந்த பிள்ளைகளின் கதையைக் கேட்டுக் கேட்டு எனக்கு ஒன்று உறுதியாகத் தெரிகிறது. அப்பத்தாவோ அம்மாச்சியோ தாத்தாவோ அசட்டையாக இருந்ததால் நடந்தது என்று சொல்லக்கூடியது மிகக் குறைவு. ஒன்று, அவர்களால் தாங்க முடியாத வேலையைக் கொடுத்திருப்பார்கள். இல்லையென்றால், எல்லோரும் பார்த்துக்கொள்கிறார்கள் என்று எல்லோரும் நினைத்திருப்பார்கள். அப்பா, அம்மாவிடம் இருக்கிறான் என்று நினைக்கிறார். அம்மா, அத்தையிடம் இருக்கிறான் என்று நினைக்கிறார். அத்தையோ, இப்போதுதானே மாமன்காரன் தூக்கிப் போனான் என்று நினைத்து ஒரு நிமிடம் காலை நீட்டுகிறார். அந்த ஒரு நிமிடத்தில்தான் நடக்கிறது.

ஒன்றரை வயதிலிருந்து மூன்று வயது வரை உள்ள பிள்ளைக்கு ஓடத் தெரியும், நிற்கத் தெரியாது. "போகாதே" என்றால் அர்த்தம் புரியும். ஆனால் எடுத்து வைத்த காலை நிறுத்துகிற பக்குவம் மூளையில் இன்னும் வரவில்லை. அதோடு விடியற்காலையில் எழுப்பிக் குளிப்பாட்டி, கசகசக்கிற பட்டுச்சட்டை மாட்டி, மேளச் சத்தத்தில் பகல் தூக்கமும் போய்விட்டால் அந்தப் பிள்ளை ஒரு நிலையில் இருக்காது. தூக்கம் கெட்ட பெரியவர்கள் சோர்ந்து உட்காருவோம், பிள்ளைகள் துள்ளும். "அப்பத்தாதான் லட்டு கொடுத்து ஆட்டம் போட விட்டுட்டாங்க" என்று மருமகள்கள் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். இனிப்புத் தின்றால் பிள்ளைகள் துள்ளுவார்கள் என்பதை ஆய்வுகள் உறுதிசெய்யவில்லை. அன்றைக்கு அந்தப் பிள்ளைக்குத் தேவைப்பட்டது ஓர் அமைதியான அறையும் ஒரு மணி நேரத் தூக்கமும்தான். மண்டபத்தில் மணமகள் அறைக்குப் பேசும்போதே, பிள்ளைகள் தூங்க ஒரு சின்ன அறையையும் கேட்டு வாங்குங்கள்.

மண்டபமாவது நான்கு சுவருக்குள் இருக்கிறது. எங்கள் பக்கம் காதுகுத்தும் மொட்டையும் குலதெய்வம் கோயிலில்தான். பொட்டல் வெளியில் சாமியானா, பக்கத்திலேயே கோட்டை அடுப்பு. கிடா வெட்டிக் குழம்பு கொதிக்கும், சோறு வடித்த கஞ்சி அண்டாவில் ஆவி பறக்க நிற்கும். அந்த அண்டாவின் விளிம்பு இரண்டு வயதுப் பிள்ளையின் நெஞ்சு உயரம்தான். எட்டிப் பார்க்கத் தோதான உயரம். இந்த வயதுப் பிள்ளைகளுக்கு உடம்பைப் பார்க்கத் தலை கனம். குனிந்தால் நிமிர முடியாமல் தலைகுப்புற விழும். குழம்பும் சாம்பாரும் தண்ணீரைப் போல வழிந்து போகாமல் தோலோடு ஒட்டிக்கொண்டு சுட்டுக்கொண்டே இருக்கும். பிள்ளைகளின் தோலோ மெல்லியது. நமக்குக் கொப்புளம் போடுகிற சூடு அவர்களுக்கு ஆழமான புண்ணாகிவிடும்.

சுட்டுவிட்டால் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று, அதை உடனே செய்ய வேண்டும். சுட்ட இடத்தைக் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். குழாய் இல்லாத இடமென்றால் நல்ல தண்ணீரைச் சொம்பால் மெதுவாக ஊற்றிக்கொண்டே இருங்கள். கடிகாரத்தைப் பார்த்து 20 நிமிடம். உடனே முடியாவிட்டாலும் மூன்று மணி நேரத்துக்குள் செய்தால் பலன் உண்டு. துணியையும் காப்பையும் அரைஞாண் கயிற்றையும் வீக்கம் வருவதற்குள் கழற்றிவிடுங்கள், தோலோடு ஒட்டிய துணியைப் பிய்க்க வேண்டாம். மற்ற உடம்பைப் போர்த்தி வையுங்கள், பிள்ளை குளிர்ந்துவிடக் கூடாது. பிறகு சுத்தமான துணியால் மூடிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். பேஸ்ட், இங்க், மாவு, முட்டை, ஐஸ்கட்டி எதுவும் வேண்டாம். பேஸ்ட் அப்பிய புண்ணைச் சுரண்டித் துடைத்த பிறகுதான் எவ்வளவு ஆழம் என்றே எங்களால் பார்க்க முடிகிறது. அந்த வலி பிள்ளைக்கு இரண்டாவது தண்டனை.

அடுப்படிக்கும் ஆட்கள் உட்காரும் இடத்துக்கும் நடுவே ஒரு கயிற்றையாவது கட்டச் சொல்லிச் சமையல்காரரிடம் கேளுங்கள். பலர் சந்தோஷமாகச் செய்வார்கள். பிள்ளைகள் காலுக்குள் ஓடுவது அவர்களுக்கும் பயம்தான்.

கோயில் பக்கம் ஊருணியோ கிணறோ இருந்தால் எல்லோருக்கும் நினைவு இருக்கும். கை கழுவ நிரப்பி வைத்த தொட்டியும் தண்ணீர் டிரம்மும்தான் மறந்து போகும். ஒரு சாண் தண்ணீர் போதும். தண்ணீரில் விழுந்த பிள்ளை கத்தி ஆர்ப்பாட்டம் செய்யும் என்று நினைக்காதீர்கள், சத்தமே வராது. பிள்ளையைக் காணோம் என்றால் முதலில் தேட வேண்டியது தண்ணீர் இருக்கும் இடத்தில். அதற்கப்புறம் வண்டிகள் நிற்கும் இடம், பூட்டிய கார்களின் உட்பக்கம்.

தாம்பூலத் தட்டைப் பாருங்கள். கற்கண்டு ஒரு கிண்ணத்தில், கற்பூரம் பக்கத்திலேயே. இரண்டும் வெள்ளையாகப் பளபளக்கும், இரண்டு வயதுக் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. கற்பூரத்தை விழுங்கினால் சில நிமிடங்களிலேயே வலிப்பு வரலாம். வாயில் கற்பூர வாசனை அடித்தாலே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிடுங்கள். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்கவைக்க வேண்டாம், வலிப்பு வரும்போது வாந்தி நுரையீரலுக்குள் போய்விடும்.

சுண்டலும் முந்திரியும் முழு வேர்க்கடலையும் ஐந்து வயது வரை வேண்டவே வேண்டாம். திராட்சையை நீளவாக்கில் நறுக்கிக் கொடுங்கள். ஓடிக்கொண்டே தின்னும்போதுதான் புரையேறும். இருமுகிற பிள்ளையை இரும விடுங்கள். இரும முடியாமல், சத்தம் வராமல், முகம் நீலம் பாய்ந்தால் குனியவைத்து நடு முதுகில் உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து தட்டு தட்டுங்கள். அடைப்பு போகவில்லையா, ஒரு வயதுக்கு மேற்பட்ட பிள்ளையென்றால் பின்னால் இருந்து கட்டிப் பிடித்துத் தொப்புளுக்கு மேல் ஐந்து முறை உள்நோக்கி மேலாக அழுத்துங்கள். ஒரு வயதுக்குள் என்றால் வயிற்றை அழுத்தக் கூடாது, மார்பின் நடுவில்தான் அழுத்த வேண்டும். யாராவது ஒருவர் அதற்குள் 108-ஐ அழைக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாததை விரலை விட்டுத் தேடாதீர்கள், அது உள்ளே தள்ளிவிடும். ஒரு தடவை பலமாக இருமிவிட்டுப் பிள்ளை சாதாரணமாக விளையாடுகிறது என்று விட்டுவிட்டு, பத்து நாள் கழித்து "சளி போகவே மாட்டேங்குது" என்று வந்தவர்கள் உண்டு. படம் எடுத்துப் பார்த்து, கடைசியில் ஒரு பக்க மூச்சுக்குழாயிலிருந்து வேர்க்கடலைத் துண்டை எடுக்க வேண்டியிருந்தது.

மணமக்கள் நுழையும்போது புகை வரவைக்கும் உலர்பனிக்கட்டி இப்போது சின்ன ஊர்களுக்கும் வந்துவிட்டது. மைனஸ் 78 டிகிரி. மீதியை மேடைக்குப் பின்னால் போட்டுவிட்டுப் போகிறார்கள். பிள்ளை அதை ஐஸ் என்று நினைத்து எடுக்கும். கொண்டுவந்தவரே திரும்ப எடுத்துப் போக வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

சரி, பொறுப்பை எப்படிப் பிரிப்பது? என்னிடம் வரும் ஒரு குடும்பத்தில் மஞ்சப்பை ஒன்று வைத்திருக்கிறார்கள். பிள்ளையின் மாற்றுத்துணி, தண்ணீர் பாட்டில், பிஸ்கட் எல்லாம் அதில். பை யார் தோளில் இருக்கிறதோ அவர்தான் அந்த நேரத்துக்குப் பொறுப்பு. முக்கால் மணி நேரத்துக்கு ஒரு தடவை கை மாறும். வெறுமனே பையை வைத்துவிட்டுப் போகக் கூடாது, "இப்போ பிள்ளை உங்ககிட்ட" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும், வாங்குகிறவர் "சரி, என்கிட்ட" என்று சொல்ல வேண்டும். கல்லூரியில் படிக்கும் மாமன் மகன்கள்கூட அந்தப் பையை வாங்கினால் போனை உள்ளே போட்டுவிடுகிறார்கள். நான் பார்த்ததிலேயே நல்ல ஏற்பாடு இதுதான்.

அந்த முறையில் தாத்தா பாட்டிக்கும் ஒரு பங்கு இருக்கட்டும். அவர்கள் மடியில்தான் பிள்ளை தூங்கும், கூட்டத்தில் பயந்த பிள்ளை அவர்கள் சேலையைத்தான் தேடும். அதை வேறு யாராலும் கொடுக்க முடியாது. தூங்குகிற நேரமும் சாப்பிடுகிற நேரமும் அவர்களுடையதாக இருக்கட்டும், ஓடிப் பிடிக்கிற நேரம் இளையவர்களுடையதாக இருக்கட்டும். ஓடுகிற பிள்ளைகள் இரண்டை ஒருவரிடமே விடவே விடாதீர்கள். சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர்களை முதல் பந்தியில் உட்காரவையுங்கள். "என்னால இதுக்கு மேல முடியலப்பா" என்று அம்மா சொல்வார் என்று காத்திருக்காதீர்கள். பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள முடியவில்லை என்று சொல்ல அவர்களுக்கு வாய் வராது.

அவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்று. உங்கள் சுருக்குப்பையிலும் சட்டைப்பையிலும் மாத்திரையை உதிரியாகவோ தாளில் மடித்தோ வைக்காதீர்கள். அட்டையோடு, பூட்டிய பெட்டிக்குள் வையுங்கள். கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற சர்க்கரை மாத்திரைகளில் ஒன்றே ஒன்று போதும், ஒரு பிள்ளையின் சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்கிவிடும். அதுவும் உடனே இறங்கும் என்றில்லை, பல மணி நேரம் கழித்தும் இறங்கலாம். அம்லோடிபின் போன்ற ரத்த அழுத்த மாத்திரையும் அப்படித்தான், ஒன்றே ஆபத்தாகலாம்.

பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் முதலில் பெரியவர்களைத் திட்டாதீர்கள் என்று நான் ஒவ்வொரு குடும்பத்திடமும் கெஞ்சுகிறேன். என்ன நடந்தது என்று தெரிந்தவர் அந்த நேரத்தில் அவர் ஒருவர்தான். திட்டினால் பயத்தில் பாதியை முழுங்கிவிடுவார், எனக்கு அந்தப் பாதிதான் வேண்டும்.

ஒரு காதுகுத்து முடிந்த சாயங்காலம், ஒரு தாத்தா வேட்டி மடிப்பிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து என் மேசையில் வைத்தார். "பத்து இருந்துச்சுங்க. மூணு நான் போட்டது. ஆறு இருக்கு. ஒன்னைக் காணோம். பேத்தி என் பையைக் குடைஞ்சுக்கிட்டு இருந்தா, வாயில போட்டதை நான் பார்க்கல." அது கிளிமிபிரைடு. பேத்தி அப்போது சிரித்துக்கொண்டிருந்தாள், சர்க்கரை அளவும் சரியாகவே இருந்தது. வீட்டில் யாரும் அவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. 24 மணி நேரம் வைத்துப் பார்க்க வேண்டும் என்று சேர்த்துக்கொண்டோம், மணிக்கொரு தடவை விரலில் குத்திப் பார்த்தோம். இரவு இரண்டு மணிக்கு 41. நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினோம். தாத்தா கட்டில் காலருகில் விடியும் வரை உட்கார்ந்திருந்தார். மறுநாள் இரவு வரை சர்க்கரை நிலையாக நின்ற பிறகு, அவர் தோளிலேயே தூங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.